எதுகை தேடியவருக்கு ஒரு நிகண்டு

இராஜசிம்ம பல்லவனின் அவையோடு தொடர்புடையவர் என்று ஆய்வாளர் பலர் கருதும் தண்டி, காவியம் எழுதுவோருக்காக வடமொழியில் ‘காவியாதரிசம்’ என்ற அணிநூலைச் செய்தார். 12ஆம் நூற்றாண்டில் அதைத் தழுவித் தமிழில் ‘தண்டியலங்காரம்’ எழுந்தது. எப்படிச் சொல்வது என்பதை அணிநூல் கற்பித்தது. எந்தச் சொல்லால் சொல்வது என்பதற்கு நிகண்டு இருந்தது. நிகண்டைப் படிப்பவருக்கான பழைய அகராதி என்றே இன்று எண்ணுகிறோம். அதன் அமைப்போ அது எழுதுவோரின் கருவி என்று காட்டுகிறது.

விழுப்புரம் வட்டாரச் சமணம் தந்த ‘சூடாமணி நிகண்டு’ இதற்கு நல்ல சான்று. அதை இயற்றிய மண்டலபுருடர், திருநறுங்கொண்டைக் குணபத்திரரின் மாணவர். நூலின் 12 தொகுதிகளில் முதல் பத்தும் தேவர், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வழிச் செல்கின்றன. பொருள் தெரிந்து சொல்லைத் தேடுபவருக்கே இவ்வரிசை உதவும். ஒரு சொல்லின் பல பொருள்களைக் கூறும் 11ஆம் தொகுதி எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அமைந்தது. புரியாத சொல்லுக்குப் பொருள் தேடுபவர் முதலெழுத்திலிருந்து தொடங்குவார். இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு தேடுபவர் செய்யுள் கட்டுபவர்.

திண்ணைப் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்யவே இந்த ஏற்பாடு என்று மறுக்கலாம். மனப்பாடத்துக்கு நூலின் விருத்த யாப்பும் பாட்டுக்குள் எதுகையும் போதும். தொகுதி முழுவதையும் எதுகைவழி அடுக்கத் தேவையில்லை. மேலும், 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் தொகுத்தபோதும், எதுகைச் சொற்களுக்கென்றே ‘தொடையகராதி’ என்ற தனிப்பகுதியை வைத்தார். எதுகைச் சொற்களின் தேவை பள்ளி மனப்பாடத்தையும் தாண்டியது என்பதற்கு இதுவே போதும்.

இத்தகைய நூல்கள் வார்ப்புச் செய்யுளையே பெருக்கின என்பது வலுவான மறுப்பு. எதுகைக்காகச் சொல்லைத் திணித்த பாடல்கள் ஏராளம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தண்டியலங்காரம் வடமொழி இலக்கணத்தைத் தழுவியபோதும், எடுத்துக்காட்டுகளில் அனபாய சோழனைப் பாடித் தன் நாட்டுக்கும் காலத்துக்கும் உரியதாக்கிக்கொண்டது. விதி ஒன்றாயிருந்தும் பாட்டு வேறாயிற்று. கருவிநூல் சொற்களை முன்னே வைக்கும். எதைத் தள்ளுவது என்பது எழுதுபவர் பொறுப்பு. இன்றைய அகராதிகளில் பெரும்பாலானவை பிறர் தேர்ந்த சொல்லை விளக்குகின்றன. தாமே சொல் தேர வேண்டியவருக்குப் பொருள்வழித் தொகுத்த பழைய நிகண்டு இன்னும் பயன்படும்.