நிலக்கரி போன வழியில் ஓடுகிறார்கள்



சுபஹுத் தொழுகை முடிந்ததும் நடக்கவும் ஓடவும் செல்லும் சகோதரர்கள் எமதூரில் கூடிவருகிறார்கள். நல்ல விடயம். அவர்களில் சிலர் வெளிநாட்டு ஓட்டப்பாதைகளின் படங்களைப் பகிர்ந்து, "எங்களுக்கு இப்படி ஒன்று இல்லையே" என்று எழுதுவதையும் பார்க்கிறோம். அண்மையில் கண்ட படமொன்று பிரித்தானியாவின் தென் வேல்ஸ் பள்ளத்தாக்குடையது. இருபுறமும் பச்சை மலைச்சாரல், நடுவே ஆறு, ஆற்றோரமாக மூச்சு வாங்க வைக்காத மென்மையான பாதை. இறைவன் அளித்த இயற்கை அழகு என்று பலர் கருத்திட்டிருந்தார்கள். மலையும் ஆறும் அப்படித்தான். ஆனால் அந்தப் பாதையையும் பச்சையையும் மனிதர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். அந்த விலையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். சற்று நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நிலக்கரி வருவதற்கு முன்பே அந்த மலைகளில் ஓட்டக்காரர் ஒருவர் இருந்தார். 1700இல் பிறந்த கிரிஃபித் மோர்கன். ஊரார் அவரை அவரது பண்ணையின் பெயரால் குட்டோ நித் பிரான் என்று அழைத்தார்கள். "நித் பிரான்" என்றால் காகக்கூடு. ஆடு மேய்த்த அவர் முயலையே ஓடிப் பிடிப்பாராம். 1737இல் நியூபோர்ட்டிலிருந்து பெட்வஸ் வரையான 12 மைலை 53 நிமிடத்தில் ஓடி வென்றபோது, மகிழ்ச்சியில் சியான் என்ற பெண் முதுகில் தட்ட, அந்த இடத்திலேயே விழுந்து இறந்தார் என்பது கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இன்றைய உலக சாதனையாளர்களின் வேகம்! ஆகவே நேரத்தைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் லன்வன்னோ மலைத் தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. இப்போதுள்ள பெரிய கல் 1866இல் வைக்கப்பட்டது. அப்போது கீழே பள்ளத்தாக்குகள் சுரங்கங்களால் நிரம்பத் தொடங்கியிருந்தன.

இனிப் பாதைக்கு வருவோம். மேர்த்தர் டிட்வில் நகரின் இரும்பாலைகளிலிருந்து அபர்கனன் வரை 1802இல் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1804 பெப்ரவரி 21ஆம் திகதி ரிச்சர்ட் ட்ரெவிதிக் செய்த நீராவி இயந்திரம் 10 தொன் இரும்பையும் 70 மனிதர்களையும் அந்தப் பாதையில் இழுத்துச் சென்றது. உலகில் தண்டவாளத்தின் மீது நீராவி இயந்திரம் பாரம் இழுத்த முதற் பயணமாக வரலாறு அதைப் பதிவு செய்கிறது. ஒன்பதே முக்கால் மைலுக்கு 4 மணி 5 நிமிடம் எடுத்தது. வழியில் மரங்களை வெட்டி, பாறைகளை அகற்ற வேண்டியிருந்ததாம். எமது தரம் 11 பிள்ளைகள் நடந்தே முந்தியிருப்பார்கள். இயந்திரத்தின் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்ததால் மீண்டும் குதிரைகளே வந்தன.

இன்று அது நடப்போருக்கும் ஓடுவோருக்குமான பாதை. தண்டவாளத்தைத் தாங்கிய கற்களைச் சில இடங்களில் இன்னும் காலடியில் காணலாம். அந்தச் சாய்வு ஏன் அவ்வளவு மென்மையானது? பாரம் ஏற்றிய வண்டி கீழே இறங்க வேண்டும், வெறும் வண்டியைக் குதிரை மேலே இழுக்க வேண்டும். அதற்கேற்ப மலையை வெட்டினார்கள். இன்றைய ஓட்டக்காரரின் முழங்காலுக்குக் கிடைக்கும் இதம் அன்று குதிரைக்காகச் செய்யப்பட்டது.

இரும்பைத் தொடர்ந்து நிலக்கரியே அரசனாயிற்று. புகை குறைவு, சூடு அதிகம் என்பதால் கப்பல்கள் வேல்ஸ் நிலக்கரியை விரும்பின. 1913இல் மட்டும் தென் வேல்ஸ் சுரங்கங்கள் சுமார் 5 கோடி 70 இலட்சம் தொன் வெட்டின. அது எமது கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து, இங்கு தரித்த நீராவிக் கப்பல்களுக்கு ஏற்றப்பட்டது. அந்தக் கப்பல்களின் உலையில் கரி அள்ளிப்போட்டவர்களில் யெமன், சோமாலிய முஸ்லிம்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினர் கார்டிஃப் துறைமுகத்தருகே குடியேறினர். பிரித்தானியாவின் பழைய முஸ்லிம் சமூகங்களில் ஒன்று அப்படித்தான் உருவானது. இது தனிப் பதிவுக்குரிய விடயம்.

அதே 1913 ஒக்டோபரில் செங்கனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளரும், மீட்கப்போன ஒருவரும் மாண்டனர். சுரங்க முகாமையாளருக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணம் 24 பவுண்.

பூமிக்குள்ளிருந்து கரி மட்டும் வெளியே வரவில்லை. கல்லும் கழிவும் வந்தன. பள்ளத்தாக்கில் வீடுகளுக்கே இடமில்லாததால் அவற்றை மலைமேல் கொட்டினார்கள். மேர்த்தருக்குத் தெற்கே அபர்வான் என்ற ஊர். அதற்கு மேலே ஏழு கழிவு மேடுகள். ஏழாவது மேட்டை 1958இல் நீரூற்றுள்ள இடத்தின் மீது தொடங்கினார்கள். பாடசாலைக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர்ப் பொறியியலாளர் ஒருவர் 1963இலேயே எழுதினார். தாய்மார் கையொப்பமிட்ட மனுவும் போனது. எதுவும் நடக்கவில்லை.

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை, காலை 9.15. ஆசிரியர்களாகிய எமக்கு அந்த நேரத்தை விளக்கத் தேவையில்லை, இடாப்பு எடுக்கும் நேரம். தவணை இடைநடுவிடுமுறைக்கு முந்திய கடைசி நாள். மேடு சரிந்து வந்து பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். பெரியவர்கள் 28 பேரில் ஐவர் ஆசிரியர்கள். மரண விசாரணையில், தன் பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் தேசிய நிலக்கரிச் சபையால் உயிருடன் புதைக்கப்பட்டது என்று எழுதுங்கள் என்றார் ஒரு தந்தை.

சபையின் தலைவர் முதலில், ஊற்று யாருக்கும் தெரியாத இயற்கை விடயம் என்றார். அது வரைபடத்திலேயே இருந்தது! 76 நாட்கள் அமர்ந்த விசாரணை மன்றம் பழியைச் சபையின் மீது வைத்தது. ஆனால் ஒருவர்கூடப் பதவி நீக்கப்படவில்லை, தண்டிக்கப்படவில்லை.

எம்மைப் பொறுத்தவரை இதற்குப் பின் நடந்ததுதான் அதைவிடக் கசப்பானது. மிச்சமிருந்த மேடுகள் ஊரின் தலைக்கு மேலேயே நின்றன. அகற்றுங்கள் என்று பெற்றோர் கெஞ்சினார்கள். அவை பாதுகாப்பானவை, செலவு அதிகம் என்றது சபை. உலகெங்குமிருந்து மக்கள் அனுப்பிய பணத்தால் ஓர் அனர்த்த நிதியம் அப்போது இருந்தது. 1968இல் அந்த நிதியிலிருந்து 150,000 பவுணை அரசு எடுத்துத்தான் மேடுகள் அகற்றப்பட்டன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் நிவாரணப் பணம், பிள்ளைகளைக் கொன்ற கழிவை அள்ளுவதற்கு! 1997இல் அதே 150,000 திருப்பிக் கொடுக்கப்பட்டது, வட்டியும் இல்லை, பணவீக்கக் கணக்கும் இல்லை. 2007இல் வேல்ஸ் அரசு மேலும் 20 இலட்சம் பவுண் வழங்கியது. இடையில் பெற்றோர் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இன்று கார்டிஃபிலிருந்து பிரெக்கன் வரை 55 மைல் நீளும் 'டாஃப் பாதை' அந்த ஊரையும் தொட்டுச் செல்கிறது. பாடசாலை நின்ற இடம் நினைவுத் தோட்டம். சரிவில் புல். கரிக் கழிவால் கறுத்து ஓடிய ஆற்றுக்கு சால்மன் மீன்கள் திரும்பி வந்துவிட்டன. சுரங்கங்கள் மூடப்பட்டன. ரொண்டாப் பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது 1990இல். வேலை போன அந்த ஊர்களில் இப்போது சனி, ஞாயிறுகளில் ஓட்டக்காரர் கூட்டம்.

ஓட்டம் அவர்களுக்குப் புதிதல்ல. சுரங்கங்கள் இயங்கிய காலத்திலேயே, 1958 முதல், மவுண்டன் ஏஷ் என்ற சுரங்க நகரில் டிசம்பர் 31ஆம் திகதி இரவு குட்டோவின் நினைவாக ஓட்டப்போட்டி நடத்துகிறார்கள். இடையில் சில ஆண்டுகள் நின்று, 1984இல் மீண்டும் தொடங்கியது. பிரபல வீரர் ஒருவர் 'மர்ம ஓட்டக்காரராக' வருவார். யாரென்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். முதலில் லன்வன்னோ கல்லறையில் மலர்வளையம் வைத்துவிட்டுத் தீப்பந்தத்துடன் மலையிலிருந்து நகருக்கு இறங்குவது வழக்கம்.

2020 பெப்ரவரியில் டெனிஸ் புயல் மழை கொட்டியபோது, அபர்வானிலிருந்து அதிக தூரமில்லாத டைலர்ஸ்டவுனில் பழைய கழிவு மேடொன்று சரிந்து ஆற்றை மறித்தது, பள்ளத்தாக்கின் நடைபாதையையும் மூடியது. உயிரிழப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகுதான் வேல்ஸ் முழுவதும் இப்படி எத்தனை மேடுகள் உள்ளன என்று முறையாக எண்ணினார்கள். 2,500க்கு மேல். அவற்றில் பலவற்றில் இப்போது புல்லும் மரமும் வளர்ந்திருக்கின்றன, படத்தில் பார்த்தால் மலை என்றே தெரியும்.