தொடக்க எழுத்தறிவு கற்பித்தல்: மாணவ ஆசிரியரின் இலக்குகள்

குழந்தைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருவதற்காக ஒரு மாணவ ஆசிரியர் பயிற்சிக் காலத்துக்குள் பெற வேண்டிய அறிவையும் திறன்களையும் பற்றியது இக்கட்டுரை. தமிழ்நாட்டில் இப்பயிற்சி, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய 2 ஆண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பாக அமைந்துள்ளது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. பாடக்குறிப்பு எழுதுவது, துணைக்கருவி செய்வது, பதிவேடு முடிப்பது ஆகியவை பயிற்சியில் எளிதாக எண்ணக்கூடியவை; அதனாலேயே அவை இலக்குகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு குழந்தை படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டு, அது எங்கே தடுக்கி நிற்கிறது என்று கண்டறியும் திறனே இப்பயிற்சியின் தலையாய இலக்கு. மற்றவை இதற்குத் துணை நிற்பவை.

எழுத்தை அறிதல்

தமிழ் நெடுங்கணக்கில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் உள்ளன. பல ஆண்டுகளாகச் சரளமாகப் படித்துவரும் மாணவ ஆசிரியருக்கு இவற்றின் சிக்கல் கண்ணில் படுவதில்லை. ஆறு வயதுக் குழந்தையின் கண்ணால் எழுத்தை மறுபடி பார்க்க அவர் பழக வேண்டும். 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. அதில் வலப்பக்கக் காலும் 'ர'வும் தோற்றத்தில் நெருங்கியவை. உகர வரிசையில் ஒரே குறி என்பதே இல்லை: கு, சு, து மூன்றும் மூன்று விதம். இகர, ஆகார வரிசைகளை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்ட குழந்தை உகரத்தில் திணறினால், அது சோம்பல் ஆகாது. 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கி, குழந்தைகளின் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை.

கன்னடக் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறைகளில் எழுத்துகளைக் கற்பது நான்காம் வகுப்பு வரை கூட நீள்வதைக் காட்டியது. முதல் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் ஒப்பிக்க வைக்கும் அவசரத்துக்கு இது நல்ல மறுமொழி. ப, ட, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, புள்ளியை அறிமுகப்படுத்தினால், 'படம்', 'பட்டம்', 'மட்டம்' என்று சில நாட்களிலேயே குழந்தை சொற்களைப் படித்துவிடும். அகரவரிசையை முழுதாக முடித்த பிறகே சொல் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டுப் பேச்சும் பாடநூல் மொழியும்

வீட்டில் 'வந்துச்சு' என்று பேசும் குழந்தை பள்ளியில் 'வந்தது' என்று படிக்க வேண்டியிருக்கிறது. 'வந்தது' என்று அச்சிட்டிருப்பதை ஒரு குழந்தை 'வந்துச்சு' என்று படித்தால், அது பொருளைப் புரிந்துகொண்டு தன் மொழிக்கு மாற்றிவிட்டது என்று பொருள். அதைப் பிழையென அதட்டினால் குழந்தை வாய் திறப்பதையே நிறுத்திவிடும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருதும், நீலகிரியில் இருளர், குறும்பர் மொழிகளும், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களின் மொழிகளும் குழந்தைகளுடன் வகுப்புக்குள் வருகின்றன. இவர்களுக்கு எழுத்தும் மொழியும் ஒரே நேரத்தில் புதியவை. அம்மொழிகளில் சில பத்துச் சொற்களையாவது அறிந்துகொள்வதை மாணவ ஆசிரியர் தம் இலக்குகளில் சேர்த்துக்கொள்வது நல்லது.

கேட்டறிதல்

படித்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த பெருக்கற்பலன் என்று 1986இல் கஃப், டன்மர் இருவரும் விளக்கினர். ஒன்று சுழியானால் விளைவும் சுழி. வகுப்பறையில் இதன் பயன் நேரடியானது. மூன்று குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். 'தோடு' என்பதை ஒரு குழந்தை 'தொடு' என்று படிக்கிறது. குறில், நெடில் குறிகளை அதன் கண் இன்னும் பிரித்தறியவில்லை. 'படகு' என்ற சொல்லைப் பார்த்து, மேலே உள்ள படத்தின் துணையோடு 'கப்பல்' என்கிறது இன்னொன்று. அது எழுத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாவது குழந்தை பத்தி முழுவதையும் பிழையின்றி உரக்கப் படித்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறது. முதல் குழந்தைக்கு கொ–கோ, தொ–தோ இணைகளில் பயிற்சி வேண்டும். இரண்டாவதற்குப் படமில்லாத சொல்லட்டைகள் வேண்டும். மூன்றாவதற்குக் கதை கேட்பதும் பேசுவதும் வேண்டும். மூன்று பேரையும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரே பட்டியலில் எழுதிவிட்டால் மூவருக்கும் உதவி கிடைக்காது.

இதனால் பயிற்சிப் பள்ளியில் மாணவ ஆசிரியர் தினமும் ஓரிரு குழந்தைகளையாவது தனியே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே குறித்துவைக்கப் பழக வேண்டும். நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய பதிவுமுறை இதற்கு நல்ல முன்மாதிரி. அதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

கதை வாசித்துக்காட்டுவதும் இதே அளவு முக்கியம். நிறுத்தி, குரல் மாற்றி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு வாசிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவை. பல மாணவ ஆசிரியர்களுக்குப் பாடநூலைத் தாண்டிய சிறார் நூல்களுடன் பழக்கமில்லை. முதலில் அவற்றைத் தாமே படிக்க வேண்டும். எழுதுதலில், பார்த்து எழுதுவதோடும் சொல்வதை எழுதுவதோடும் நின்றுவிடாமல், பிழையோடாவது குழந்தை தன் சொந்த வாக்கியத்தை எழுத இடம்தர வேண்டும்.

வகுப்பை நடத்துதல்

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக் குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களிடம் இருப்பார்கள். ஆகவே அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க வேண்டியிருக்கிறது; அம்முயற்சி இங்கே பழையது. எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் கவனித்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து அதை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் அந்த வேலையைச் சட்டாம்பிள்ளை செய்துவந்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து கற்றல் அட்டைகளையும், கற்கும் படிநிலைகளைக் காட்டும் ஏணிப்படியையும் எடுத்துக்கொண்டது. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. குழந்தை அரும்பிலேயே தங்கிவிடாமல் அடிக்கடி மறுமதிப்பீடு செய்து நகர்த்தும் பொறுப்பு ஆசிரியருடையது. மாணவ ஆசிரியர் கற்க வேண்டிய வகுப்பு மேலாண்மையில் பெரும்பகுதி இதுதான்.

மதிப்பீடு

பட்டயம் பெற்றவர் பணியில் சேர ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும். முதல் தாளில் 5 பிரிவுகளில் 30 வீதம் 150 கொள்குறி வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் அதில் உண்டு. ஆனால் ஒரு குழந்தை படிப்பதைக் கேட்டு இடர் அறியும் திறனைக் கொள்குறி வினாவால் அளக்க முடியாது. அதை நேரில் பார்க்கக்கூடியவர்கள், பயிற்சிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் நிறுவன விரிவுரையாளரும்தான். ஆகவே அவர்கள் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து பாடக்குறிப்பைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், மாணவ ஆசிரியர் ஒரு குழந்தையுடன் தனியே செலவிடும் நேரத்தையும், அப்போது அவர் எழுதிய குறிப்பையும், மறுநாள் அக்குழந்தைக்கு அவர் கொடுத்த வேலையையும் சேர்த்துப் பார்த்து மதிப்பிட வேண்டும்.