பங்கும் பாகமும்: போர்தோவும் பர்கண்டியும்

1855ஆம் ஆண்டு பிரான்சில் ஒயினுக்கு இரண்டு தரப்பட்டியல்கள் வந்தன. மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய கண்காட்சிக்காகத் தென்மேற்கே போர்தோ நகரத் தரகர்கள் ஒன்றைத் தயாரித்தார்கள். கிழக்கே பர்கண்டியில் ழூல் லவால் என்ற மருத்துவர் தம் நூலில் மற்றொன்றை வெளியிட்டார். எந்தப் பண்ணையின் ஒயின் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, தரகர்கள் பண்ணைகளை ஐந்து படிகளில் அடுக்கினார்கள். லவால் தரம் பிரித்தது நிலத்தை. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் வேறொரு தரம். இரு வட்டாரங்களின் குணமும் இந்த இரண்டு பட்டியல்களுக்குள் அடங்கியிருக்கிறது என்பேன்.

போர்தோ துறைமுகம் வளர்த்த பிள்ளை. கரோன், தோர்தோஞ் ஆறுகள் கூடி, ஜிரோந்த் கழிமுகமாக அட்லாண்டிக்கில் சேரும் வட்டாரம் அது. 1152இல், போர்தோவை உள்ளடக்கிய அக்கித்தேனின் கோமகள் எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியாக முடிசூடியவரை மணந்தார். அதன்பின் 1453 வரை, முந்நூறு ஆண்டுகள், இந்த மண் ஆங்கில அரசர்களின் கையில் இருந்தது. ஒயின் கப்பலேறி இங்கிலாந்து போனது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மெடோக் பகுதியின் சதுப்பு நீரை வடித்துவிட்டார்கள். அங்கிருந்த சரளை மேடுகளில் திராட்சை வேர்பிடித்தது. இன்றும் ஷாத்தோ எனப்படும் பெரிய பண்ணைகளில் பல தங்கள் ஒயினை நேரடியாக விற்பதில்லை. தரகர் வழியாக வணிகர் கைக்குப் போய், அங்கிருந்துதான் உலகுக்குப் போகிறது. அதுவும் பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசி முடிந்துவிடும்.

பர்கண்டிக்குக் கடல் கிடையாது. தீஜோன் நகருக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளும் ஒரு சுண்ணாம்புப் பாறைச் சரிவு, கோத் தோர், அதுதான் அதன் இதயம். 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்துத் துறவிகள் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கொடி வளர்த்தார்கள். எந்தத் துண்டில் பனி முதலில் உருகும், எங்கே மழைநீர் தேங்கும், எந்தப் பழம் முந்திக் கனியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர், ஒரு எல்லை. அவற்றைக் ‘கிளிமா’ என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

திராட்சையிலும் இதே வேறுபாடுதான். போர்தோவில் சிவப்பு ஒயின் ஒரு கூட்டு. சரளை மண்ணுக்குக் கேபர்னே சோவின்யோன், களிமண்ணுக்கு மெர்லோ. மெர்லோ முந்திப் பூக்கும், முந்திப் பழுக்கும். வசந்தத்தில் உறைபனி விழுந்தால் அடி அதற்குத்தான். கேபர்னே பிந்திப் பழுக்கும். அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் அதற்குச் சேதம். ஒன்று கைவிட்டால் மற்றது தாங்கும். பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கு அந்தத் துணை இல்லை. அங்கே ஏறக்குறைய பினோ நுவார் ஒன்றுதான், வெள்ளைக்குப் பெரும்பாலும் ஷார்டனே ஒன்றுதான். அந்த ஆண்டின் வானம் செய்ததை ஒயின் மறைக்காது.

கோப்பையில் ஊற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும். கேபர்னேயின் தோல் தடிப்பானது. ஒயின் இருண்ட சிவப்பாக இருக்கும். கடுக்காயை நினைவூட்டும் துவர்ப்பு ஈறைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு அடங்கப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். பினோவின் தோல் மெல்லியது. கோப்பைக்குப் பின்னால் இருக்கும் விரல் தெரியும் அளவுக்கு நிறம் வெளிறியிருக்கும். செர்ரி வாசனை முதலில் எழும். வயதேற வயதேற, மழைக்குப் பின் காட்டுத் தரையில் எழும் ஈர மணம்.

இரண்டையும் உண்மையில் பிரித்தது எது? ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு நிலங்களைப் பார்த்தால் விளங்கும். ஜிரோந்த் கரையில், போயாக் ஊரில் ஷாத்தோ லத்தூருக்கு ‘லாங்க்லோ’ என்றொரு தோட்டம், சுமார் 47 ஹெக்டேர். பர்கண்டியில் ‘குளோ த வூஜோ’, சுமார் 50 ஹெக்டேர். இரண்டு பெயருக்கும் பொருள் அடைப்பு, சூழ்வேலி. புரட்சிக்குப் பின் வந்த வாரிசுரிமைச் சட்டம் பிரான்ஸ் முழுவதற்கும் ஒன்றுதான்: பிள்ளைகள் எல்லோருக்கும் சமபாகம். லத்தூர் குடும்பத்தார் 1842இல் ஒரு நிறுவனம் அமைத்தார்கள். பங்கைப் பிரித்துக்கொண்டார்கள், நிலத்தை விட்டுவைத்தார்கள். வூஜோவோ புரட்சியின்போது சித்தோ துறவிகளிடமிருந்து பறிக்கப்பட்டு ஏலம் போனது. 1889இல் பலருக்குத் துண்டு போட்டு விற்கப்பட்டது. இன்று சுமார் 80 பேர் அதற்குச் சொந்தக்காரர்கள். மதிலுக்கு உள்ளே எல்லா நிலமும் ஒரே உயர் தரம்தான். ஆனால் மேட்டில் நீர் வடியும். கீழே சாலையோரத்தில் தேங்கும். ஒரே பெயரில் எண்பது கைப்பக்குவம்.

போர்தோவில் 1855இன் தரம் பண்ணையைச் சேர்ந்தது. பக்கத்து நிலம் அதே ஊர் வரம்புக்குள் இருந்தால், அதை வாங்கிச் சேர்த்தாலும் தரம் குறையாது. அந்தப் பட்டியலும் எளிதில் அசையாது. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் பண்ணை முதல் படிக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம். பர்கண்டியில் தரம் மண்ணோடு ஒட்டியது. உடைமை கைமாறினாலும் ரொமானே-கோந்தி என்ற தோட்டத்தின் 1.8 ஹெக்டேர் அதே 1.8 ஹெக்டேர்தான்.

எதன் ஈர்ப்பு பெரிது? ஒவ்வாதவற்றை இணைத்து ஒரு முழுமையாக்கும் மனிதத் திறனை மதிப்பவரைப் போர்தோ கட்டிப்போடும். ஒரு பிடி மண்ணின் தனிக்குணத்தைத் தேடுபவர் பர்கண்டியை விட்டு வெளியே வரமாட்டார். என் மனம் பர்கண்டியின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் அந்தச் சாய்வை வூஜோவே திருத்துகிறது: அங்கே மண்ணின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது, யார் பயிரிட்டார் என்று கேட்டாக வேண்டும். லத்தூரோ தன் முதன்மை ஒயினை அந்தப் பழைய அடைப்பின் பழத்திலிருந்து மட்டுமே செய்கிறது. பண்ணையின் பெயரால் வாழும் போர்தோ தன் உச்சத்தில் மண்ணுக்குத் திரும்புகிறது. மண்ணின் பெயரால் வாழும் பர்கண்டி, தன் உச்சத்தில் உழுதவரைத் தேடச் சொல்கிறது.