பழைய கேமுக்குப் புது விலை... நியாயமா?

"இத நான் ஏற்கெனவே விளையாடி முடிச்சிட்டேனே... மறுபடியும் 70 டாலரா?"

2022 செப்டம்பரில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிளேஸ்டேஷன் 5இல் வெளிவந்தபோது விளையாட்டாளர்கள் பலர் கேட்ட கேள்வி இது. அந்த கேம் முதன்முதலில் வந்தது 2013இல், பிளேஸ்டேஷன் 3இல். அடுத்த ஆண்டே மெருகேறி பிளேஸ்டேஷன் 4க்கு வந்தது. மூன்றாவது முறை வந்தபோது, புத்தம்புதிய கேமுக்குரிய அதே விலை!

பழைய கேமுக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? பார்க்கலாம்.

(இங்குள்ள விலைகள் கேம் வெளியானபோது இருந்த அமெரிக்க விலைகள், முழு எண்ணில். சிங்கப்பூர் விலை மாறுபடலாம்.)

போர்ட், ரீமாஸ்டர், ரீமேக்... என்ன வித்தியாசம்?

வீட்டை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

- போர்ட்: வீடு மாறுவது. மேசை, நாற்காலி எல்லாம் அதேதான். பழைய கேம் புதிய சாதனத்தில் ஓடும், அவ்வளவுதான்.

- ரீமாஸ்டர்: அதே வீட்டுக்குப் புதுச் சாயம், புது விளக்கு. படத்தின் தரமும் ஒலியும் மேம்படும்.

- ரீமேக்: இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டுவது. கதை பழையது, ஆனால் பெரும்பகுதி வேலை புதியது.

வேலை கூடினால் விலையும் கூடவேண்டும், இல்லையா?

அப்படித்தான் நினைப்போம். 2023இல் வந்த மூன்று கேம்களைப் பாருங்கள்.

- 'ரெசிடண்ட் ஈவில் 4' - 2005ஆம் ஆண்டு கேமின் ரீமேக். விலை 60 டாலர்.

- 'மெட்ராய்டு பிரைம் ரீமாஸ்டர்ட்' - 2002ஆம் ஆண்டு கேம். காட்சிகள் புதிதாகச் செய்யப்பட்டன. விலை 40 டாலர்.

- 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' - 2010ஆம் ஆண்டு கேமின் போர்ட். கூடுதல் கதைப் பகுதி ஒன்று சேர்ந்தே வந்தது. ஆனால் பலர் இணையம்வழி சேர்ந்து விளையாடும் வசதி நீக்கப்பட்டிருந்தது. விலை 50 டாலர்.

கவனித்தீர்களா? வேலை குறைவான போர்ட், ரீமாஸ்டரைவிட 10 டாலர் அதிகம். செய்த வேலையை மட்டும் வைத்து விலை முடிவாவதில்லை. எவ்வளவு பேர் அந்த கேமுக்காக ஏங்குகிறார்கள் என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3இன் சில்லு, சாதாரணக் கணினிச் சில்லிலிருந்து ரொம்ப வேறுபட்டது. அதற்காக எழுதிய நிரலை வேறு சாதனத்துக்குக் கொண்டுபோவது 'காப்பி - பேஸ்ட்' வேலை அல்ல.

இன்னொன்று, பழைய கேம் எல்லாருக்கும் பழையது அல்ல. 'மாரியோ கார்ட் 8' 2014இல் நின்டெண்டோவின் வீ யூ சாதனத்தில் வந்தது. அந்தச் சாதனம் சரியாக விற்கவில்லை. 2017இல் சில கூடுதல் அம்சங்களுடன் அதே கேம் 60 டாலருக்கு சுவிட்ச் சாதனத்துக்கு வந்தது. 60 மில்லியனுக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது புது கேம்தான்!

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

ஏற்கெனவே காசு கொடுத்தவரையும் புதிதாக வருபவரையும் ஒன்றாக நடத்தும்போதுதான்.

2024 ஜனவரியில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' ரீமாஸ்டர் வந்தது. புதிதாக வாங்குவோருக்கு 50 டாலர். பிளேஸ்டேஷன் 4 பதிப்பை வைத்திருந்தவர்களுக்கு 10 டாலர் மட்டுமே. புதிய வேலைக்கு மட்டும் காசு. பலர் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 2021இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' தொடரின் 3 பழைய கேம்கள் ஒரே தொகுப்பாக 60 டாலருக்கு வந்தன. ஏகப்பட்ட கோளாறுகள். அதற்குமுன் பழைய பதிப்புகளும் இணையக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. புதியது பிடிக்காவிட்டால் பழையதை வாங்கவும் வழியில்லை! ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கணினிக்கான பழைய பதிப்புகளை மீண்டும் கொண்டுவந்தது.

விலை கூடினால் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பழைய பதிப்பே காணாமல்போனால்? காத்திருந்தும் பயனில்லை.

வாங்குமுன் 4 கேள்விகள்

1. புதிதாக என்ன இருக்கிறது? 'ரீமாஸ்டர்' என்ற பெயரை மட்டும் நம்பவேண்டாம். பழையதையும் புதியதையும் ஒப்பிடும் காணொளிகளைப் பாருங்கள்.

2. எது நீக்கப்பட்டிருக்கிறது?

3. பழைய பதிப்பு உங்களிடம் இருந்தால் குறைந்த விலையில் மேம்படுத்த முடியுமா?

4. பிடிக்காவிட்டால் காசு திரும்பக் கிடைக்குமா? ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். எல்லாக் கடைகளிலும் அப்படி இல்லை.

ஒன்றை மறக்கவேண்டாம். சிங்கப்பூரில் வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும் மின்னிலக்க கேம்களுக்கும் 2020 முதல் பொருள், சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு.

சின்ன வயதில் அண்ணனோடு சண்டைபோட்டு விளையாடிய கேம் என்றால் மனசு கேட்காதுதான். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது புதிய வேலைக்கா, பழைய நினைவுக்கா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.