காணாமல் போன 'இ'

கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மகள் கேட்டாள். "அப்பா, தாத்தா எழுதினதை வெப் பேஜா போடணும். இழுத்து வெச்சுப் பண்ற சாஃப்ட்வேர்ல பண்ணவா, இல்ல நானே கோட் எழுதவா?" ஜீடிமெட்லாவில் பிறந்து வளர்ந்தவள். தெலுங்கு சரளமாக வரும், தமிழ் எழுத்துக்கூட்டித்தான். நானோ பி.காம். பகலெல்லாம் இங்குள்ள சின்னத் தொழிற்சாலைகளின் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பார்க்கிற பேங்க் ஆசாமி. ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய கதை இருக்கிறது.

2001-ல் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அப்பா நோட்டில் எழுதிவைத்திருந்த குடும்பக் கதையைக் கணினியில் ஏற்றினேன். முதல் பாதியை அங்கிருந்த ஒரு காட்சிவழி மென்பொருளில் செய்தேன். வேர்டில் லெட்டர் அடிப்பது மாதிரி அடித்தால் பக்கம் தயார், என்ன சுகம்! பிறகு அந்தக் கணினியில் யாரோ அதைத் தூக்கிவிட்டார்கள். மீதியை நோட்பேடில், வரிக்கு வரி எச்டிஎம்எல் குறிகளை அடித்து முடித்தேன். அன்றைக்கு அது எனக்குத் தண்டனையாகத்தான் பட்டது.

அந்தக் காலத்தில் காட்சிவழி மென்பொருள் என்றால் இரண்டு பெயர்கள். ஃப்ரண்ட்பேஜ், வெர்மீர் என்ற சின்னக் கம்பெனி 1995-ல் கொண்டுவந்தது. 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. 1997 டிசம்பரில் மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் வந்தது. இரண்டுமே ஆங்கிலத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் மனதில் வைத்துப் பிறந்தவை.

நம் கதை வேறு. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸில் அது வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000-ல்தான். அதுவரை நாம் குடியிருந்தது ஒண்டுக்குடித்தனம். ஐரோப்பிய எழுத்துகள் இருக்கவேண்டிய மேல் 128 இருக்கைகளில் தமிழ் எழுத்தை உட்காரவைத்து, அதற்கென்று ஓர் எழுத்துரு செய்து, "இதை இறக்கிக்கொண்டு படியுங்கள்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைப்பார்கள். யார் எங்கே உட்காருவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற அரசுத் தரங்கள் வந்தன. உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த நம்மவர்கள் கூடிப் பேசி உருவாக்கியது டிஸ்கி. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பலவும் டிஸ்கியில்தான் இருந்தன. பிறகு யூனிகோடுக்கு மாறின.

டிஸ்கியில் 'இ'க்குக் கிடைத்தது 173-ஆம் எண். ஐரோப்பியக் கணக்கில் அது 'மென் இணைப்புக்குறி'. அதாவது, வரிக் கடைசியில் சொல் உடைந்தால் மட்டும் தலைகாட்டும், மற்ற நேரம் கண்ணுக்கே தெரியாத குறி. பாவம் 'இ'! பின்னால் டிஸ்கி 1.7-ல் அதற்கு 254-ஆம் எண்ணையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். சும்மாவா கொடுப்பார்கள்? எத்தனை பேருக்கு எத்தனை 'இ' தொலைந்திருக்க வேண்டும்!

நோட்பேடுக்கு இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் கிடையாது. கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், எங்கள் பழைய லெட்ஜர் கிளார்க் மாதிரி. அதற்காக மற்றதைத் திட்டவும் மனம் வரவில்லை. அது இல்லையென்றால் காமர்ஸ் படித்த நான் இந்த வேலையைத் தொடங்கியே இருக்கமாட்டேன். ஃப்ரண்ட்பேஜை 2006-ல் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது, நோட்பேட் இன்னும் விண்டோஸோடு வந்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. இருந்தது ஒரு சிடி மட்டும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் போட்டதும் நோட்பேட் பாதி பொங்கல் வைத்த மாதிரி வெள்ளையாக வந்துவிட்டது. முதல் பாதியில் சொல்லுக்குச் சொல் தேவையில்லாத குறிகள். அவற்றைக் களைந்தால் 'இ' எல்லாம் அம்பேல். "ல்லை", "ரண்டு", "ந்த வீடு". மகள் விடுகதை மாதிரி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்தாள்.

"சின்னக்கா 1951 ஐப்பசியில் றந்தாள்" என்று ஒரு வரி. அவள் யோசிக்கவே இல்லை, 'பி' போட்டுவிட்டாள்.

எனக்குச் சந்தேகம். அப்பாவுக்கு மூத்தவர் ஒருத்தி இருந்ததாகவே நான் கேள்விப்பட்டதில்லை. அப்பா பிறந்தது 1946. அப்படியென்றால் அக்கா 1951-ல் எப்படிப் பிறந்திருக்க முடியும்? கோவில்பட்டியில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்திரண்டு வயது. அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான்.

"ஏலேய், அவளை யாரு உனக்குச் சொன்னா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். காய்ச்சல். மூன்றே நாள். ஏழு வயது. பெயர் செல்லம்மாள். என் அப்பாவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிவாளாம்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் ஒன்றும் பேசாமல் 'பி'யை அழித்துவிட்டு 'இ' அடித்தாள்.