நிர்பயா நிதியும் ஒரு சான்றிதழும்
2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2013 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் 1000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். ஆண்டிறுதியில் காலாவதியாகாத நிதி அது. மாநிலங்கள் அதற்குக் கணக்குக் காட்டியதோ, மானியங்கள் யாவற்றுக்கும் உரிய பயன்பாட்டுச் சான்றிதழ் வழியாகவே. ஒப்பளித்த நோக்கத்துக்கே பணம் செலவானது என்று அதிகாரி ஒருவர் அதில் கையொப்பமிடுவார். செலவு சரிதானா என்பதற்கு அவர் மேற்கொண்ட சோதனைகளைக் குறிக்கவும் படிவத்தில் இடமுண்டு. வரலாற்று மாணவர் முதலில் படிக்கவேண்டியது அப்பகுதியையே. நாடாளுமன்ற விடைகளில் வரும் 'விடுவித்தது', 'பயன்படுத்தியது' என்னும் தொகைகளையும் இதை மனத்திற்கொண்டே வாசிக்க வேண்டும். தெருவில் கேமரா இயங்கினாலும் சான்றிதழ் தாமதமானால் அத்தொகை செலவாகாததாகவே நிற்கும். சான்றிதழ் வந்துவிட்டால், கேமரா பழுதாகிக் கிடந்தாலும் செலவானதே.