பத்துக்குக் கீழே

அப்பா கிருமித்தொற்றோடு ஐசியுவில் இருந்தார். ஹீமோகுளோபின் எட்டு. “ரத்தம் ஏத்தலையா டாக்டர்?” என்றேன். அவர் அப்பாவின் நெஞ்சில் எக்கோ கருவியை வைத்துத் திரையைக் காட்டினார். “பம்ப் சுமாராத்தான் இருக்கு. இப்ப ஏத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும்.”

எனக்குப் பத்துதான் கணக்கு. அதன் பூர்வீகத்தைப் பிறகு தேடினேன். 1942இல் ஆடம்ஸ், லண்டி என்ற இரு மயக்கவியல் மருத்துவர்கள், ஹீமோகுளோபின் எட்டு முதல் பத்து கிராமுக்குக் கீழே இருந்தால் அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அனுபவக் கணக்கு, அவ்வளவுதான். நாளடைவில் எட்டு உதிர்ந்து பத்து மட்டும் நின்றது. பழைய கோடில் யாரோ எழுதிவிட்டுப் போன எண்ணைத் தொட நாங்கள் பயப்படுவோமே, அந்த மாதிரி.

1999இல் கனடாவில் எபேர் குழுவினர் 838 ஐசியு நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஏழுக்குக் கீழே போனால்தான் ரத்தம். மற்றதற்குப் பத்துக்குக் கீழே போனாலே. முப்பது நாளில் இறந்தவர்கள் முறையே 18.7, 23.3 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நுரையீரலில் நீர் கோத்தது 5.3, 10.7 சதவீதம், தாராளமாக ஏற்றியவர்களில் இரு மடங்கு. மாரடைப்பும் அவர்களிடம்தான் அதிகம்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு ஏழுக்குக் கீழே இறங்கியது. ஒரே ஒரு யூனிட், மெதுவாக. பாதியில் டாக்டர் மறுபடி எக்கோவோடு வந்தார்.